ஆண்டவர் கட்டாத சுவர் குறித்து

அனுப்புநர்
அ. ரெஜி (வயது 61),
செயலாளர், ஆலயக் குழு,
குப்பம் பின்புறம், திருவொற்றியூர்.

பெறுநர்
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மாநகராட்சி வார்டு அலுவலகம்,
திருவொற்றியூர்.

பொருள்: விளையாட்டுத் திடலுக்கும் எங்கள் ஆலயத்துக்கும் நடுவே, என் புகாரின் பேரில் கட்டப்பட்ட சுவரை இடித்துத் தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: எனது மனு, நாள் 03.06.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட மனுவில், திடலின் மதில் உடைசல் வழியாகக் குப்பத்துப் பிள்ளைகள் ஆலயத்துக்குள் நுழைந்து மண்காலோடு பெஞ்சில் ஏறுவதாகவும், குழாயில் வாய் வைத்துக் குடிப்பதாகவும் எழுதியிருந்தேன். 'சமூக விரோதிகள்' என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருந்தேன். அவர்களில் மூத்தவனுக்கு வயது பத்து. தாங்கள் பதினோரே நாளில் உடைசலை அடைத்துக் கொடுத்தீர்கள். தங்கள் மேல் ஒரு குறையும் இல்லை.

2. அந்தப் பிள்ளைகளில் கீர்த்தி என்பவள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தாய் குப்பம்மா மீன் விற்பவர்; எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல. கீர்த்தி தினமும் பள்ளி விட்டதும் வந்து, தம்பிக்கு மூச்சிழுப்பு நிற்க வேண்டும் என்று சீட்டு எழுதி ஜெப விண்ணப்பப் பெட்டியில் போடுவாள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சீட்டுகளை வாசிப்பது என் பொறுப்பு. சபைப் பட்டியலில் பெயர் இல்லை என்று அவளுடையதை மட்டும் ஒருநாளும் வாசிக்கவில்லை.

3. எங்கள் முன்வாசல் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலைப் பக்கம் உள்ளது. ஆராதனை நேரம் தவிரப் பூட்டியிருக்கும். சுவர் எழுந்த மறுநாள் அவள் அந்தச் சாலையைச் சுற்றி வந்து, கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, சுவரை யார் கட்டியது என்று என்னைக் கேட்டாள். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சாமிதான் கட்டச் சொன்னார் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகப் பாடம் எடுப்பவன் நான்.

4. அவள் அதை அப்படியே நம்பிவிட்டாள். மூன்றாம் நாள் சுவரின் செங்கல் இடுக்கில் ஒரு சீட்டு செருகியிருந்தது. அதில் உள்ளபடி: "ஏசப்பா, நான் கொழாயாண்ட தண்ணி குட்ச்சதுக்குத்தான கோச்சிகினு செவுரு கட்டுன. இனிமே குடிக்க மாட்டேன். தம்பிக்கு மட்டும் இழுப்பு வராம பாத்துக்கோ."

5. அந்த வாரமே தம்பிக்கு இழுப்பு அதிகமாகி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். தன்னால்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். குப்பம்மா மீன்கூடையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்று, "பாப்பா செவுத்தாண்ட நின்னுகினு அழுதுகினே கீது சார். உங்க கோயில்ல இன்னா தப்பு பண்ணிச்சு, சொல்லுங்க, நான் அடிச்சித் திருத்திடுறேன்" என்றார்.

6. அன்று மாலையே அவளிடம் போய், கட்டச் சொன்னது நான்தான், ஆண்டவர் அல்ல என்று ஒப்புக்கொண்டேன். அவள், "சாமிக்காவ பொய் சொல்லாத தாத்தா" என்றாள். குழந்தைகளை ஏற்றுக்கொள்வது பற்றிய வசனத்தை எங்கள் முகப்பில் பெயின்டரைக் கொண்டு எழுத வைத்தவனும் நானே. அந்த வாசலில் இப்போது தலை நிமிர்ந்து நுழைய முடியவில்லை.

7. முன்வாசலைப் பகல் முழுவதும் திறந்து வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்தச் சாலையில் பிள்ளைகளை வரச் சொல்ல மனம் துணியவில்லை. வெள்ளிக்கிழமை அவளுடைய சீட்டுகள் அனைத்தையும் சபை முன் வாசித்தேன். அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை.

ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,

அ) மேற்படி சுவரை உடனே இடித்து, இரண்டு பிள்ளைகள் ஜோடியாக நுழையும் அகலத்துக்கு வழி விட வேண்டுகிறேன்.

ஆ) சுவர் அ. ரெஜி என்பவர் கொடுத்த புகாரின் பேரில் மட்டுமே கட்டப்பட்டது என்றும், இயேசு சுவாமியிடமிருந்து இது குறித்து அலுவலகத்துக்கு எந்த மனுவும் வரவில்லை என்றும், முத்திரையுடன் ஒரு கடிதம் தர வேண்டுகிறேன். அவள் இப்போதுதான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். எழுத்து பெரிதாக இருந்தால் உதவியாக இருக்கும்.

வெட்கத்துடன்,
அ. ரெஜி

இடம்: திருவொற்றியூர்
நாள்: 07.07.2025