மாப்பிள்ளை கைக்கு ஒரு டாங்கி

நாமக்கல்
19-12-82, ஞாயிறு

அன்பு மகள் கண்ணாத்தாளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உங்கம்மாவும் எருமையும் லாரிப் பட்டறையும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அந்த ஜான்சிக் குளிரும் சண்டை சச்சரவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மாப்பிள்ளை நீங்கள் அனுப்பின பெட்டியைப் பிரித்துவிட்டார், சனி ஞாயிறு இரண்டு நாளும் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை, பொம்மை டாங்கியை ஒட்டி முடித்துவிட்டார் என்று நீ எழுதியிருந்த இடத்தை உங்கம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள், எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அந்தப் பொம்மையைப் பற்றி ஒன்றும் தெரியாத நீங்கள் அவர் கைக்குத் தோதாக எப்படியப்பா தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன் அம்மிணி. அதற்கப்புறம் நேற்று இங்கே நடந்த ஒன்றையும் சொல்கிறேன், அது உனக்கே தெரியாது, அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடாதே, உன் புத்தி எனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முன்னால் நீ எழுதியிருந்தாயே, பட்டாளத்தில் டாங்கி ஓட்டின மனுசன் பயிற்சியில் இரும்பு மூடி வலது கையில் விழுந்ததிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மூன்று விரல் மடங்க மாட்டேன் என்கிறது, விரலுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியும் எதையும் தொடுவதில்லை, ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்கள் கையைத்தான் பார்ப்பார்கள் என்று பண்டிகைக்கும் வர மறுக்கிறார் என்று. அதைப் படித்த அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. நீ அவருக்குப் பட்டாணி உரிக்கக் கொடுத்தாயாம். உங்கம்மாவுக்கு வந்ததே கோபம், பட்டாணியைக் கொடுத்தா எந்த ஆம்பளைக்குக் கை வரும், டாங்கி ஓட்டினவருக்கு டாங்கியையே குடுங்க என்றாள். எனக்கு உடனே ஒன்று ஞாபகம் வந்தது, லாரி முதலாளி ஒருத்தர் ஊட்டுக் கண்ணாடி அலமாரியில் கப்பல் ஒன்று இருக்கும், துண்டு துண்டாக வாங்கி நாமே ஒட்டிக்கொள்வது, கப்பல் கிடைத்தால் டாங்கியும் கிடைக்காதா.

நம்ம டிரைவர் பச்சமுத்து மெட்ராசுக்கு லோடு ஏற்றிப் போனான், வரும்போது டாங்க் செட் ஒன்று, லேசாக மாட்டுகிற மாதிரிப் பார்த்து வாங்கிவா என்று சொல்லி அனுப்பினேன். அவனும் பொறுப்பாக வாங்கி வந்தான். பிரித்துப் பார்த்தால் தண்ணித் தொட்டிக்குப் போடுகிற மிதவையும் குழாயும் வாசரும். ரொம்ப லேசுங்க, குழந்தைகூட மாட்டிரும்னு கடைக்காரர் சொன்னாருங்க என்கிறான். உங்கம்மா சிரித்த சிரிப்பில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மிதவையை மாடித் தொட்டிக்குப் போட்டாயிற்று, இப்போது தண்ணி வழிவதில்லை, அதற்கும் மாப்பிள்ளைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்த நடை நானே லாரியில் ஏறிப் போனேன். பர்மா பஜாரில் ஒரு கடையில் சுவர் முழுக்க டாங்கிப் பெட்டி. நெருப்பும் புகையுமாக மேலே படம் போட்டிருந்ததில் எது பெரிதோ அதைக் கை காட்டினேன். லாரிக்கே பாடி கட்டுகிறவன், இது என்ன பிரமாதம் என்று ஒரு நினைப்பு. ஊட்டுக்கு வந்து பிரித்தால், அம்மிணி, உள்ளே கேழ்வரகைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றி ஓடுகிற சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகக் கோக்க வேண்டுமாம். பசை வேறு உள்ளே கிடையாது, பட்டறை வஜ்ஜிரத்தைத் தடவினேன், மரத்தைப் பிடிக்கிற வஜ்ஜிரம் பிளாஸ்டிக்கைச் சீந்தவில்லை. நல்ல கை இருக்கிற எனக்கே இப்படி என்றால் அவருக்கு எப்படி என்று அப்போதுதான் உறைத்தது. அவருக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் அனுப்பக் கூடாது என்று நினைத்து, உங்கம்மாவின் பழைய சேலையில் ஒரு கிழிசலை எடுத்து வலது கையில் மூன்று விரலையும் மடங்காதபடி குச்சி வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு சக்கரத்தை எடுக்கிறேன், விழுகிறது. எடுக்கிறேன், விழுகிறது. கோபத்தில் அதை வாசல் பக்கம் வீசியும் விட்டேன். மாப்பிள்ளை ஏன் சுவரைப் பார்க்கிறார் என்று அப்போது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. உங்கம்மா கட்டைப் பார்த்துவிட்டு, ஐயோ ரம்பம் அறுத்துப்போச்சா என்று ஓடி வந்தாள். இல்லையென்று விசயத்தைச் சொன்னதும் கையை நீட்டி எனக்கும் கட்டுங்க என்றாள். கட்டினேன். இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம், யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பார்கள். ஆனால் அவளுக்கு என்னைவிடச் சூட்சுமம் ஜாஸ்தி. துண்டை எடுக்கவே இல்லை, மேஜையிலேயே வைத்து உள்ளங்கையால் நகர்த்தி அதே உள்ளங்கையால் அழுத்தினாள். பெரிய துண்டெல்லாம் உட்கார்ந்துகொண்டது, பொடிதான் படியவில்லை. ஆக நமக்கு வேண்டியது உள்ளங்கைக்கு அடங்குகிற துண்டு, அழுத்தினால் உட்காருகிற துண்டு என்று தெரிந்துபோயிற்று.

மறுபடி மெட்ராஸ். இந்தத் தடவை படத்தைப் பார்க்கவே இல்லை, மூடியைத் திறந்து காட்டுங்க என்று கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். சக்கரம் பெரிதா என்று பார்த்தேன், சங்கிலி ஒரே ரப்பர் பட்டையாக மாட்டுகிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்தேன், அடிப்பாகம் ஒட்டுவேலை இல்லாமல் முழுசாக இருக்கிறதா, உள்ளுக்குள் பொடிப்பாகம் எதுவும் ஒட்டாமல் மேல்மூடியை அப்படியே மூடி ஒட்டலாமா என்று பார்த்தேன். பெண் பார்க்கப் போனவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். கடைக்காரர் முதலில் முறைத்தார், யாருக்கு என்று சொன்னதும் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லி, பழைய பாலைவனச் சண்டை டாங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தார், வண்ணம் அடிக்காவிட்டாலும் மண் கலரிலேயே இருக்கும், முதல் தடவைக்கு இது போதும், பசை டியூபைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், முன்விளக்கு மாதிரிப் பொடித்துண்டு எதையாவது விட்டுவிட்டாலும் டாங்கி டாங்கிதான் என்றார். ஒரே மாதிரி இரண்டு வாங்கினேன். ஒன்றைச் சனிக்கிழமை பட்டறை மூடினதும் விரலைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தோம், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கிறபோது முடிந்துவிட்டது. பசை நாற்றத்தில் உங்கம்மாவுக்குக் குழம்பு ருசிக்கவில்லை, எனக்கு ருசித்தது. புது வண்டி என்பதால் சந்தனம் குங்குமம் வைத்து, துளிப் பூவும் சாத்தி, ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய் நாங்கள் இரண்டு பேரும் நாற்காலியில், டாங்கி நடுவில் முக்காலியில் என்று போட்டோவும் பிடித்தோம். போட்டோவையும் பிரிக்காத இன்னொரு பெட்டியையும்தான் உங்களுக்கு அனுப்பினது. விரலைக் கட்டிக்கொண்ட சங்கதியை மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்லாதே.

இனி நேற்று நடந்தது. நீ பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போயிருந்திருப்பாய். பட்டறைக்கு எதிரில் இருக்கிற லாரி புக்கிங் ஆபீசில் இருந்து ஆள் ஓடி வந்தான், ஜான்சியிலிருந்து டிரங்கால், போனில் காத்திருக்கிறார்கள் என்று. உளியைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். மாப்பிள்ளைதான். தபாலாபீசுக்குத் தானே நடந்து போய்ப் போட்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் சரிங்க மாமா என்பதற்கு மேல் பேசாத மனுசன், எடுத்ததும், மாமா, போட்டோ பார்த்தனுங்க, லாரிக்குத்தானுங்க எஞ்சின் முன்னாடி, டாங்கிக்குப் பின்னாடிங்க, நீங்க லைட்டை ஒட்டிப் பொட்டு வெச்சிருக்கிறது அதோட முதுகுலீங்க என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார் அம்மிணி. விட்டுவிட்டுச் சிரித்தார், அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் மறுபடியும் சிரித்தார். மூன்று நிமிசத்தில் பாதி சிரிப்பிலேயே போய்விட்டது, நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் நின்றுவிடுமோ என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். கடைசியில், பொங்கலுக்கு வாரமுங்க மாமா, அந்த லைட்டை நானே பிடுங்கி மாத்தி ஒட்டறேன், அதுவரைக்கும் நீங்க தொட்டுப்போடாதீங்க என்றார். உங்கம்மாவிடம் வந்து சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு, எங்கே, அவர் சிரிச்ச மாதிரியே சிரிச்சுக் காட்டுங்க என்றாள். எனக்கு அது வரவில்லை, வேறென்னவோ வந்துவிட்டது.

உங்கள் இரண்டு பேருக்கும் நாமகிரித் தாயார் துணை இருப்பாள், தீர்க்காயுசாக, கையும் மனசும் தெம்பாக இருக்க வேண்டும். பொங்கல் கூட்டத்தில் ரயிலில் இடம் கிடைக்காது, நாளைக்கே போய் டிக்கெட் போட்டுவிடு. சொந்தக்காரர்களைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டாம், ஊட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் டாங்கிக்கு எது முன்பக்கம் என்று கேட்டு உட்கார வைப்பதாக உங்கம்மா சொல்லியிருக்கிறாள், யாருக்கும் வேறெதையும் பார்க்க நேரம் இருக்காது.

இப்படிக்கு,
வழிமேல் விழி வைத்திருக்கும் அப்பா,
நாச்சிமுத்து
(உங்கம்மா சௌந்திரத்துக்கும் சேர்த்து)