சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு

மார்ச் 4, செவ்வாய்

லிஃப்ட் இன்றைக்கும் ஓடவில்லை. நான்கு மாதமாகிறது. "மனசு தாங்கலைன்னா உடனே வாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு மூன்றாவது மாடியில் ஆலோசனை மையம் வைத்து உட்கார்ந்திருக்கிறோம். நல்ல லட்சணம்.

என்னிடம் பேச வரும் லிஃப்ட் மெக்கானிக் படியேறி வந்தார். கூட வேலை பார்த்த நண்பர் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இறந்ததிலிருந்து மனிதர் இப்படி ஆகிவிட்டார். ஒருமுறை சாகப் பார்த்து, ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்து பதினெட்டு நாள். சிவப்புக் கோப்பு. அதாவது தினமும் நான் அவரை நேரில் பார்க்க வேண்டும், மாத்திரைகள் அவருடைய அக்காவின் பீரோவில் பூட்டியிருக்க வேண்டும்.

வழக்கமான ஏழு கேள்விகளையும் கேட்டேன். மூன்றாவதை, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பதை, முடிப்பதற்குள் "அந்த எண்ணம் இல்ல மேடம்" என்றார். கேள்வியும் நீங்களே கேட்டுக்கொள்வீர்கள் போலிருக்கிறதே என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 10, திங்கள்

லிஃப்ட் ஓடுகிறது! மெக்கானிக் யாரும் கூப்பிடாமலே பையைத் தூக்கிக்கொண்டு வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து சரிசெய்துவிட்டார். கீழே வாட்ச்மேன் அண்ணன் கைதட்டினாராம். லிஃப்ட் குழிப் பக்கமே போகாமல் இருந்தவர். எனக்குப் பெருமைதான்.

மார்ச் 11, செவ்வாய்

சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டார். புதிதாக ஒரு சிவப்பு வருகிறது, கைக்குழந்தைக்காரி. என்னிடம் ஏற்கெனவே ஆறு சிவப்பு. ஏழாவது வைக்கக் கூடாது என்பது விதி. யாரையாவது மஞ்சளுக்கு மாற்றுங்கள் என்றார்.

மெக்கானிக்கை மாற்றினேன். இனி வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், மாத்திரையும் அவர் கைக்கே போகலாம். கேள்விகளைக் கேட்டேன், ஏழுக்கும் சரியான பதில். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காரணம் என்ற கட்டத்தில் "வேலைக்குத் திரும்புகிறார்" என்று எழுதினேன். அக்காவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

வாட்ச்மேன் நாற்காலிக்கு அடியில் மெக்கானிக்கின் பை. மறந்துவிட்டார் போல. நேற்றும் அங்கேதான் இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் வாட்ச்மேன் அண்ணன் பையைத் திறந்து ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாருடையதைத் துடைக்கிறீர்கள் என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். "எனக்கே கொடுத்துட்டாரு மேடம். திங்கக்கிழமையே. இனிமே எனக்கு வேணாம், நீங்க வெச்சுக்கங்கன்னாரு."

ஆறாவது கேள்வி. உங்கள் பொருள் எதையாவது யாருக்காவது கொடுத்தீர்களா?

செவ்வாய்க்கிழமை அந்தப் பையைத் தாண்டி வந்துதானே அவரிடம் அதைக் கேட்டேன்! இல்லை என்றார். டிக் போட்டேன்.

அவர் போனை எடுக்கவில்லை. அக்காவை அவர் குடியிருக்கும் மாடிக்கு ஓடச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா கத்தவில்லை, அழவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதானே பீரோவத் திறந்தேன்" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

உயிர் இருக்கிறது. நினைவு வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

கண் விழித்துவிட்டார். அக்காதான் போன் செய்தார், ஒரே வரி, வைத்துவிட்டார்.

விசாரணை. கோப்பை வரி வரியாகப் படித்தார்கள். கடைசியில் சூப்பர்வைசர் அம்மா என் தோளைத் தட்டி, "எதுவும் விட்டுப்போகல. எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க" என்றார். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டால் என்ன என்றிருந்தது.

மார்ச் 21, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலோடு திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். அக்கா நாற்காலியைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மெக்கானிக்தான் பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"நீங்க கடிகாரத்தப் பாத்துப் பாத்துதான் மேடம் கேட்டீங்க. பாவம், அடுத்த ஆளு வெளிய காத்திருக்காங்கன்னு நானும் சீக்கிரமா சொல்லிட்டேன்."

கோபமே இல்லை அவரிடம். எனக்காக அவசரப்பட்டிருக்கிறார், அவ்வளவு மரியாதை. பஸ்ஸில் அழுதேன். பக்கத்துப் பெண் இடம் மாறி உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 2, புதன்

மெக்கானிக் வேறு ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறாராம். கோப்பைக் கொடுத்துவிட்டேன். சிவப்பு.

ஏப்ரல் 9, புதன்

வீட்டுக்காரர் கேட்கிறார், ஏன் தினமும் படியேறிப் போகிறாய், லிஃப்ட்தான் சரியாகிவிட்டதே என்று. டாக்டர் நடக்கச் சொன்னார் என்றேன். எந்த டாக்டர்? புருஷனிடமே சரியான பதில் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

கைக்குழந்தைக்காரியிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி எப்போதோ அலமாரியில் போட்டாயிற்று. "இல்ல" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, "இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 28, திங்கள்

வாட்ச்மேன் அண்ணன் பையைத் தொடவே பயப்படுகிறார். இத என்ன மேடம் பண்றது, தூக்கிப் போடவா என்றார். போடாதீர்கள், அங்கேயே இருக்கட்டும் என்றேன். தினமும் முதலில் நாற்காலிக்கு அடியில்தான் பார்க்கிறேன்.

மே 20, செவ்வாய்

பை இல்லை.

குனிந்து இன்னொரு தடவை பார்த்தேன். அண்ணனே சொன்னார்: "நேத்து சாயந்தரம் அவரே வந்து எடுத்துட்டுப் போனாரு மேடம். நம்பி கொடுத்தா ஒரு ஸ்பானரக் காணோமேன்னு என்கிட்ட சண்ட வேற."

பை கிடைத்த புதிதில் சைக்கிள் ரிப்பேருக்கு எடுத்துப்போன ஸ்பானரை அண்ணன் தன் வீட்டிலேயே வைத்துவிட்டாராம். வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று மெக்கானிக் சொல்லிப் போயிருக்கிறார்.

மேலே வந்தாரா என்று கேட்டேன். வரவில்லையாம். என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லையாம். சரி.

வியாழக்கிழமைக்குள் மறக்காமல் கொண்டுவந்துவிடுங்கள் அண்ணே என்று இரண்டு தடவை சொன்னேன். அப்புறம் லிஃப்டில் ஏறினேன்.