மூன்றாவது எலும்பு வரைக்கும்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணா,

போனில் பேச ஆரம்பித்தாலே உன்னை யாராவது ஆபரேஷனுக்குக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சுண்டெலி என்று கூப்பிடும் என் மகள் என் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். முதுகின் வளைவும் கூடவே வளர்கிறது. கம்பியும் திருகும் போட்டுத்தான் நிமிர்த்த வேண்டும் என்று நீ சொன்னதை மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஏற்றுக்கொண்டோம். அதை முதுகெலும்பில் எந்த எலும்பு வரை போடுவாய் என்பதில்தான் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. கம்பி போட்ட இடம் இனி வளையாது என்று நீதானே படம் வரைந்து காட்டினாய்?

"மாமா இடுப்புல மூணாவது எலும்போட நிறுத்திருவாங்களாம்மா? நாலாவது வரைக்கும் போனா என் நீச்சல் அவ்வளவுதான்" என்று தினமும் கேட்கிறாள். பதில் போடு.

உன் தங்கை

பிப்ரவரி 15

அன்புத் தங்கைக்கு,

மூன்றாவதோடு நிறுத்தினால் இடுப்பில் அசைவு மிஞ்சும். ஆனால் கீழே மறுபடி வளையலாம். இன்னொரு ஆபரேஷன் வரும். நாலாவது வரை போனால் பிடிமானம் உறுதி, அசைவு குறைவு. அவளைச் சாய்த்து எடுத்த எக்ஸ்ரேயில் மூன்றாவது நன்றாகவே நேராகிறது. அதோடு நிறுத்துகிறேன். மாமா வாக்குக் கொடுத்துவிட்டதாக அவளிடம் சொல். நீ இளைத்துவிட்டாயாமே, வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

ஜூன் 20

அண்ணா,

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் எக்ஸ்ரேயை ஜன்னலில் வைத்து அவளே எண்ணினாள். "அம்மா, நாலாவதுலயும் திருகு இருக்கு." நான் நம்பாமல் எண்ணினேன். இருக்கிறது.

வார்டில் இருந்த நாளெல்லாம் வந்தாய், அவளைச் சிரிக்க வைத்தாய். இதை மட்டும் சொல்லவில்லை. "நான் தூங்கிட்டு இருந்தப்போ மாமா மாத்திட்டாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

தங்கை

ஜூலை 4

தங்கைக்கு,

நிமிர்த்திய பிறகும் மூன்றாவது எலும்பு சாய்ந்தே நின்றது. அதில் நிறுத்தியிருந்தால் சில வருடங்களில் மறுபடி அவளைக் கீற வேண்டியிருக்கும். முதுகு நூல் பிடித்த மாதிரி நிற்கிறதே, அது உன் கண்ணில் படவில்லையா? மயக்கத்தில் கிடக்கும் பிள்ளையை எழுப்பியா கேட்பார்கள்? உன்னைக் கேட்டிருந்தால்தான் உனக்கு என்ன தெரியும்? உடம்பு தேறட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். சின்னப் பெண்தானே, நீச்சல் இல்லாவிட்டால் வேறொன்று பழகிக்கொள்வாள்.

அண்ணன்

செப்டம்பர் 11

அண்ணாவுக்கு,

இங்கே வேறொரு டாக்டரிடம் காட்டினோம். நானாக இருந்தாலும் நாலாவது வரை போயிருப்பேன் என்றார். நீ செய்தது சரி. இதை உனக்குச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

எனக்கு என்ன தெரியும் என்று கேட்டிருந்தாய். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு நர்ஸை அனுப்பிக் கேட்டிருந்தால், "சரி" என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் கண் விழித்ததும் நானே சொல்லியிருப்பேன். என்னைத் திட்டித் தீர்த்திருப்பாள், அழுதிருப்பாள், பிறகு ஒரு வாய் சாப்பிட்டிருப்பாள்.

இப்போது நான் எது சொன்னாலும் என் முகத்தையே பார்க்கிறாள். உன் வாக்கை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தானே.

இனி பரிசோதனைக்கு உன்னிடம் வரமாட்டோம். பழைய எக்ஸ்ரேக்களைத் தபாலில் அனுப்பிவிடு. நேரில் கொண்டுவர வேண்டாம்.

புது டாக்டரிடம் அவள் முதலில் கேட்டது, "எனக்குத் தெரியாம ஏதாவது செய்வீங்களா?" என்பதுதான். அவர் வாய் திறப்பதற்குள், "நீ வெளியே இரும்மா" என்று என்னை அனுப்பிவிட்டாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

அவளுடைய அம்மா