சிவப்புக் குழாய்த் தண்ணீர்

அன்புள்ள சுந்தரம்,

பேசாமல் இருந்தது போதும். பதினைந்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் உன்னை மகானாக்கிவிட்டார்கள். செத்தவனைப் பற்றிக் குறை சொல்லக் கூடாதாம். நீ உயிரோடு இருந்தபோதும் நான் சொல்லவில்லையே, பிறகு எப்போதுதான் சொல்வது?

நேற்று உன் தாவரவியல் துறையில் இரங்கல் கூட்டம். "ஒரு செடியைக்கூட வாடவிடாத மனிதர்" என்றார் துறைத்தலைவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் சமாளித்தேன்.

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். நெல், மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சும் அதே வாசல் வழியாகத்தான் ஆர்செனிக்கும் உள்ளே நுழைகிறது. அப்படி வந்த விஷத்தைத் தண்டின் கணுவில் சில செல்கள் பிடித்துப் பூட்டி வைக்கின்றன. மணிக்குள் போவது குறைகிறது. எந்த மரபணு அந்தப் பூட்டு என்றுகூட வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது மரபணுவைத் திருத்தி, விஷம் ஏறாத அரிசிக்கு முயல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கும் நான் இதையெல்லாம் படித்துப் பாடம் சொல்கிறேன்.

கணு என்று முதலில் உன்னிடம் சொன்னது யார்? கரியாஹாட் டீக்கடையில், மண் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நீ என்ன சொன்னாய்? "கணுவா? உன் மூளையிலதான்டா கணு விழுந்திருக்கு." நானும் சேர்ந்து சிரித்தேன்.

சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு, ஒரே பள்ளி, கடைசியில் ஒரே ஆய்வுக்கூடம். அதனால்தான் உன்னை நம்பினேன். ஊருக்குத் தெற்கே, ரயிலில் போக வேண்டிய தொட்டிக்கூடத்தில் இரண்டு வரிசை வைத்திருந்தேன். ஒன்று எல்லோரும் பயிரிடும் நெல். இன்னொன்று, சுந்தரவனப் பக்கத்திலிருந்து நான் கொண்டுவந்த கறுப்பு உமி நெல். இரண்டுக்கும் ஒரே அளவு ஆர்செனிக் கலந்த தண்ணீர், ஆய்வுக்கூடத்திலிருந்து கேனில் கொண்டுபோய் ஊற்றுவேன். கறுப்பு நெல்லின் மணியில் விஷம் குறைவாக இருந்தால் நான் சொன்னது சரி. பால் பிடிக்கும் நேரத்தில், துர்க்கா பூஜை லீவில், அப்பா போய்விட்டார். காரியத்துக்குத் திருச்சிக்குக் கிளம்பினேன். "நீ போடா, தண்ணி நான் பாத்துக்கறேன்" என்றாய்.

திரும்பி வந்து அளந்தால் இரண்டு வரிசையிலும் விஷம் சமம். கறுப்பு நெல்லில் விசேஷம் எதுவும் இல்லை என்று கைடு முடித்துவிட்டார். அந்தக் கட்டுரையை நீ எழுதினாய், உன் பெயரும் வந்தது. நான் ஆய்வை விட்டேன். நீ பேராசிரியர் ஆனாய், லேக் கார்டன்ஸில் வீடு கட்டினாய்.

எட்டு வருடம் கழித்து, தான் ஓய்வு பெறும் நாளில் நிமாய்தாதான் சொன்னார். தொட்டிக்கூடத்துக் காவலாளி, பொய் சொல்லத் தெரியாத மனிதர். "தாதா, ஓய் லால் கோலேர் ஜோல் தோ தியேச்சிலேன்." அந்தச் சிவப்புக் குழாய்த் தண்ணீரைத்தானே ஊற்றினார் என்கிறார். கேன் தண்ணீர் ஒரு வரிசைக்குத்தான் போதுமாக இருந்திருக்கிறது. கறுப்பு நெல்லுக்கு அந்தச் சிவப்புக் குழாய்த் தண்ணீரை நீ ஊற்றியிருக்கிறாய். இந்த ஊரில் குழாய்க்குச் சிவப்பு அடித்தால் அதில் ஆர்செனிக் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உனக்குத் தெரியாதா? நான் கேனில் கலந்ததைவிட அதில் பல மடங்கு.

அன்று மாலையே உன் வீட்டுக்கு வந்து கேட்டேன். "அஷ்டமி அஞ்சலி அன்னிக்கு எவன்டா கேன் தூக்கிட்டு லோக்கல் டிரெயின்ல போவான்? செடி காயலையே, அதுக்கு சந்தோஷப்படு" என்றாய். உள்ளேயிருந்து உன் அம்மா, "ரெண்டு பேரும் சாப்பிட வாங்கப்பா" என்றாள். வந்து சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன்?

சாப்பிட்ட வாய் உன் அம்மா இருந்தவரை திறக்கவில்லை. பிறகு பழக்கமாகிவிட்டது. ஆனால் ஒன்றை மட்டும் இரவும் பகலும் நினைத்தேன். கறுப்பு நெல் பல மடங்கு விஷம் குடித்தது. அப்படியும் அதன் மணியில் மற்றதைவிடக் கூடவில்லை. அப்படியென்றால் எங்கோ பிடித்து வைத்திருக்க வேண்டும் அல்லவா? நீ தோல்வி என்று எழுதியது அதன் வெற்றியாக இருக்கலாம். உனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லையா, தோன்றியும் பேசாமல் இருந்தாயா?

நேற்று கூட்டம் முடிந்ததும் பியாலி என்ற ஆராய்ச்சி மாணவி என்னிடம் வந்தாள். அதே கறுப்பு நெல்லை எடுத்து ஆய்வு செய்ய விண்ணப்பித்திருக்கிறாள். "காக்கு, நீங்க ஸாரோட பழைய நண்பர் இல்லையா? அவர் கட்டுரையைக் காட்டி, முடிஞ்ச விஷயம், வேற தலைப்பு எடுன்னு சொல்றாங்க. திங்கக்கிழமை கமிட்டி. இதுக்கு மேல ஆசைப்படக் கூடாதா?" அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. பழைய வியாதி.

இனிமேல் சொல்கிறேன். எந்த வரிசைக்கு எந்தத் தண்ணீர் போனது என்று எழுதிய இந்தக் கடிதம், திங்கட்கிழமைக்குள் கமிட்டியின் மேசையில் இருக்கும். அது உனக்கு நான் தரும் வாக்கு. உன்னிடம் அனுமதி கேட்கவில்லை.

என் பெயரைப் போட்டால், படிப்பை முடிக்காத வாத்தியாரின் வயிற்றெரிச்சல் என்று ஓரம் தள்ளுவார்கள். பெயர் இல்லாவிட்டால், யாரென்று ஊகித்தாலும், ஆளை வைத்து எடைபோட முடியாது. மறுபடி விதைத்துத்தான் பார்க்க வேண்டும். கீழே உறவையாவது எழுதலாம் என்று பார்த்தேன். நண்பன் என்றால் பொய். இல்லை என்றாலும் பொய். ஒன்றும் எழுதாமலே தபாலில் சேர்க்கிறேன்.