சாருவுக்கு எங்கே வலித்தது

கிள்ளான்,
7.3.1993

அன்பு மகன் வாசுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, கிளாஸ்கோ குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முட்டிவலி, அது எப்போதும் உள்ளதுதான். சாயங்காலமானால் மழை, துணி காய்வதில்லை. உன் மகள் சாரு இப்போது நலம். போன வாரம் அவள் பட்ட பாட்டை எழுத வேண்டாம், படிக்கிற மனுஷனுக்கு மனசு கெடும் என்று புஷ்பா சொன்னாள். எனக்குத்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை, உன் பெண்டாட்டி எப்படிப்பட்டவள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சாருவுக்கு ஆட்டிசம், மருந்து கிடையாது, பொறுமையாகப் பழக்கித்தான் கொண்டுவர வேண்டும் என்று கோலாலம்பூர் டாக்டர் சொன்னாரே, அந்த வார்த்தையைப் புஷ்பா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வாரம் தவறாமல் பஸ் ஏறி பிரிக்பீல்ட்ஸில் ஒரு டீச்சரிடம் கூட்டிப்போகிறாள். பஸ்ஸில் சாரு கத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், இவள் தலை குனிய மாட்டாள். பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி மைலோ டம்ளர், தண்ணீர், ஊஞ்சல் என்று படம் வரைந்து வைத்திருக்கிறாள், பேச்சு வராத பிள்ளை எது வேண்டுமோ அந்தப் படத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். முதலில் சாரு எல்லாவற்றையும் விட்டெறிந்தாள், இவள் பொறுக்கிப் பொறுக்கி மறுபடி கையில் கொடுத்தாள். இப்போது மைலோ படத்தை என்னிடமே கொண்டுவந்து நீட்டுகிறாள். கண், காது, வயிறு எல்லாம்கூட படத்தில் தொட்டுக் காட்டப் பழக்கியிருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து சாரு ஒரே அலறல். சோறு வேண்டாம், சுவரில் தலையை மோதுகிறாள், தூக்கினால் கடிக்கிறாள். அப்பா பயந்துபோய் உன் இராஜம்மா சித்திக்குப் போன் போட்டுவிட்டார். சித்தி வந்ததும் வராததுமாக, "இது காத்து கருப்புதான்லா, காப்பார்ல ஒரு பூசாரி இருக்காரு, வேப்பிலையால நாலு போடு போட்டா அடங்கிரும், காடி வெளிய நிக்குது, கிளம்புங்க" என்றாள். புஷ்பா பிள்ளையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். கையெல்லாம் பல் பதிந்திருந்தது. "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல சித்தி. எம்புள்ளைக்கு எங்கயோ வலிக்குது, சொல்லத் தெரியல. அவளை யாரும் அடிக்க நான் விடமாட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. சித்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் போய் புஷ்பா பக்கத்தில் நின்றுகொண்டேன்.

பிறகு புஷ்பா அறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, சத்தமே இல்லாமல் ஆக்கி, ஒரு அட்டையில் பிள்ளை உருவம் வரைந்து சாரு முன்னால் வைத்தாள். தன் வயிற்றைத் தொட்டு அழுவது போலக் காட்டுவாள், பல்லைத் தொட்டுக் காட்டுவாள், பிறகு அட்டையை நகர்த்துவாள். சாரு தட்டிவிட்டாள். மறுபடி வைத்தாள். எனக்கே பொறுமை போய்விட்டது, அவளுக்குப் போகவில்லை. கடைசியில் சாரு அந்தப் படத்தின் காதில் விரலை வைத்தாள். வைத்தவள், அம்மா கையை இழுத்துத் தன் காதோடு அழுத்திக்கொண்டாள்.

உடனே கிளினிக்குக்கு ஓடினோம். காதுக்குள் சீழ் கட்டியிருக்கிறது, இன்னும் விட்டிருந்தால் காது கேட்பதே பாதித்திருக்கும் என்றார் டாக்டர். "பேசாத பிள்ளையாச்சே, காதுன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். "நான் கண்டுபிடிக்கல டாக்டர், அவதான் சொன்னா" என்றாள் புஷ்பா. இத்தனை காலத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை, வெளியே வந்து என் தோளில் சாய்ந்து, "அவ சொன்னா அத்தை, எங்கிட்ட சொன்னா" என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

மருந்தில் சாருவுக்கு வலி விட்டுவிட்டது. உனக்கு ஒன்று சொல்கிறேன், கேள். போன் பண்ணும்போதெல்லாம் பிள்ளைக்கு எப்போது சரியாகும் என்று புஷ்பாவைக் கேட்கிறாய். இனி அதை விட்டுவிட்டு, இன்றைக்கு சாரு என்ன சொன்னாள் என்று கேள். அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கழுத்தில் கம்பளித் துணி சுற்றாமல் வெளியே போகாதே. படிப்பு நல்லபடி முடிந்து நீ சுகமாக வீடு வந்து சேர எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா
சீதாலெட்சுமி