ஃப்ரீசரின் சுருதி

ஆகஸ்ட் 9

மறுபடி கிளீவ்லாந்து. பேய்ப்பட ரசிகர்கள் கூடும் அதே ஓட்டல் கூடம், கழிப்பறையை ஒட்டிய அதே மேசை. நான் எழுதிய நாவல்கள், நான் ஆர்கன் வாசித்த கேசட்டுகள், நான் எடுத்த படங்கள். பக்கத்து நாற்காலியில் மார்லீன், என் முதல் படத்தின் நாயகி. கேட்பவர்களுக்கு இன்றும் அலறிக் காட்டுகிறாள்.

"உன் புத்தகம் ஒண்ணுதான் வித்துச்சு, என் அலறல் ஆறு போச்சு. இன்னைக்கும் நான்தான் ஜெயிச்சேன், கிழவா."

முழங்கால் வலி.

ஆகஸ்ட் 21

என் முதல் படம் 'சதுப்பு வீடு' — புதுப்பித்த பிரதி வந்தது. படம் பளிச்சென்று இருக்கிறது. ஒலி — என்ன செய்து தொலைத்தார்கள்? அடித்தளக் காட்சி முழுக்க ஓடும் அந்த 'ம்ம்ம்' இல்லை!

மார்லீன் வீட்டு அடித்தளத்தில்தான் எடுத்தோம். மான்கறி கெட்டுப்போகும் என்று அவள் அப்பா அங்கே உறுமிக்கொண்டிருந்த ஃப்ரீசரை நிறுத்த விடவில்லை. சரி, இருந்துவிட்டுப் போ என்று அதன் சுருதிக்கே என் ஆர்கனைச் சேர்த்தேன். நான் படித்த இசைப் பள்ளி அதுதான். இப்போது ஆர்கன் மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது.

படத்தைப் புதுப்பித்த கம்பெனிக்காரி டேனாவைக் கூப்பிட்டேன்.

"சார், அது இரைச்சல் சார். எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தோம் தெரியுமா?"

"யாரும்மா எடுக்கச் சொன்னா?"

ஆகஸ்ட் 22

திரும்பச் சேர்க்க நேரமில்லையாம். இப்படியே சம்மதித்தால் அக்டோபரில் திரையிடல். இல்லையென்றால் படம் பெட்டியிலேயே. பெட்டியிலேயே கிடக்கட்டும் என்றேன்.

செப்டம்பர் 3

மார்லீன் வந்தாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். அவளுக்கு நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. வருஷக் கடைசிக்குள் முகங்கள் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உன் படம் நேரா வீடியோ கடைக்குத்தான் போச்சு. பெரிய திரையில என்னை நான் ஒரு தடவைகூட பார்த்ததில்ல, எம்மெட்."

"அந்தச் சத்தம் இல்லாம அது என் படமே இல்ல."

"இல்லாட்டி போகுது. மூஞ்சி என்னோடதுதானே?"

காபியைத் தொடாமல் போய்விட்டாள்.

செப்டம்பர் 4

கையெழுத்துப் போட்டேன். யாரையும் மன்னிக்கவில்லை.

செப்டம்பர் 17

ஏரிப் பக்கமிருந்து மழை. ஆர்கனைத் திறக்கவில்லை. திறந்து என்ன?

அக்டோபர் 18

ஊர்த் தியேட்டர் பாதி நிறைந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது என்பதால் மார்லீன் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தாள். இருபத்திரண்டு வயது மார்லீன் சுவர் உயரத்துக்கு வந்து நின்றாள்.

"அடேயப்பா, எத்தனை பல்லு எனக்கு!"

அடித்தளக் காட்சி வந்தது. ஆர்கன் தன்னந்தனியாகத் தொடங்கியது. எழுந்து போய்விடலாமா? அப்போது பக்கத்து இருக்கையிலிருந்து, அடித்தொண்டையில் — 'ம்ம்ம்'. இம்மியும் பிசகாத சுருதி. அந்த ஃப்ரீசருக்கு நேர் மேலேதானே சின்ன வயதில் அவள் படுக்கை.

முன்வரிசைக்காரர் திரும்பினார். "யாருங்க அது, சத்தம்?"

"ஃப்ரீசர்" என்றாள்.

அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை சுருதியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.