மகன் வந்து சேரும் நேரம்

ஆடி 9, வெள்ளி

சாயங்காலம் படுத்த படுக்கையாகக் கிடக்கும் என் வீட்டுக்காரரைப் பார்க்க இவருடைய அண்ணன் வந்தார். இவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். "ஏம்மா, சிங்கப்பூர்ல இருந்து ஒம் மவன் வர எம்புட்டு நேரம் ஆவும்?" என்று வந்தவர் கேட்டார். "பிளேன் திருவனந்தபுரத்துக்கு நாலரை மணி நேரம். அங்கன இருந்து கார்ல மூணு," என்று வெள்ளந்தியாகச் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணிவிட்டு, "அப்பம் பொழுது அடையதுக்குள்ள எடுத்திரலாம்," என்றார். உயிரோடு கிடக்கிற மனுஷன் தலைமாட்டில் நின்று பேசுகிற பேச்சா இது? எழுந்து போய் வாசல் கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் போனதும் இவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அவன் வர்ற வழியில குத்தாலத்துல சீசன் கூட்டம். புளியறை செக்போஸ்ட்டுல லாரி வேற நிக்கும். இன்னும் ஒரு மணி நேரம் சேத்துக்கோ."